ஒரே வருடத்தில் ஆன்லைன் டிகிரி: பணம் கட்டும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து கேட்கிறேன். தம்பி ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். படிப்பு பிளஸ் டூ. டிகிரி இருந்தால் இங்கேயே புரமோஷன், இல்லாவிட்டால் துபாய் என்று யோசிக்கிறான். வேலூரில் ஒரு கன்சல்டன்சி, வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பிபிஏ படிப்பை ஒரே வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறது. மொத்தம் 48,000 ரூபாய். 5,000 அட்வான்ஸ் கொடுத்து, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் யுஜிசி தளத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன். மீதிப் பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மார்க் ஷீட்டை முதலில் திரும்ப வாங்குங்கள்; அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்ட வேண்டாம் என்று சொல்ல "ஒரே வருடம்" என்ற சொல்லே போதும். பிபிஏ மூன்று வருடப் படிப்பு. நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தாலும் தொலைநிலையில் படித்தாலும் ஆன்லைனில் படித்தாலும் குறைந்தபட்சக் காலம் ஒன்றுதான். "கிரெடிட் டிரான்ஸ்பர் போட்டு முடித்துவிடலாம்" என்பார்கள். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் ஓரிரு வருடம் படித்து, அந்த மதிப்பெண்கள் கையில் இருந்தால்தான் டிரான்ஸ்பர் செய்ய ஏதாவது இருக்கும். பிளஸ் டூ மட்டும் முடித்தவரிடம் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்த ஒரு வருட டிகிரி எங்கிருந்து வரும்? முன் தேதியிட்ட அட்மிஷனிலிருந்து வரும், அல்லது பிரிண்டிங் பிரஸ்ஸிலிருந்து வரும். இரண்டிலும் கடைசியில் மாட்டுவது சான்றிதழில் பெயர் உள்ளவர்தான்.

நீங்கள் யுஜிசி தளத்தில் பெயரைப் பார்த்தது சரியான காரியம். ஆனால் அது பாதி வேலைதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நம் பழைய வடஆற்காட்டுப் பக்கம் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்தப் பாதியில்தான். இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயரில் சான்றிதழ் விற்பவர்கள் உண்டு, அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். இருக்கிற பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, அது நடத்த அனுமதி பெறாத படிப்பையோ, அனுமதி இல்லாத ஆண்டையோ, அது திறக்கவே கூடாத சென்டரையோ விற்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆகவே நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: பல்கலைக்கழகம், படிப்பு, முறை (தொலைநிலையா ஆன்லைனா), சேரும் பருவம். ஒன்று இடறினாலும் டிகிரி செல்லாது.

பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குவோம். 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி நம் நாட்டில் டிகிரி கொடுக்கும் உரிமை மூன்று வகைக்குத்தான் உண்டு: நாடாளுமன்றச் சட்டம் அல்லது மாநிலச் சட்டம் மூலம் உருவான பல்கலைக்கழகம், 3ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தால் உருவானது. காட்பாடியில் இருக்கும் விஐடி நிகர்நிலை. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி தன் பெயரில் எம்பிபிஎஸ் பட்டம் கொடுப்பதில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது, பட்டம் அங்கிருந்து வருகிறது. இவ்வளவு பேர் பெற்ற நிறுவனத்துக்கே இதுதான் சட்டம். ஒரு டிரஸ்ட், ஒரு சொசைட்டி, ஒரு கம்பெனி எவ்வளவு பெரிய போர்டு வைத்தாலும் டிகிரி கொடுக்க முடியாது.

இதனால்தான் நோட்டீஸின் அடியில் இருக்கும் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வேன். "ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது" என்றால் அலுவலக நிர்வாக முறைக்கு ஒரு தனியார் அமைப்பு கொடுத்த சான்று. "எம்எஸ்எம்இ பதிவு" என்றால் சிறுதொழிலாகப் பதிந்திருக்கிறார்கள். மாவு மில்லுக்கும் அந்தப் பதிவு கிடைக்கும். "நிதி ஆயோக் பதிவு" என்றால் தன்னார்வ நிறுவனங்களுக்கான தர்பன் தளத்தில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு பெற்றது" என்றால் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள். "அரசு பதிவு பெற்ற தன்னாட்சி நிறுவனம்" என்றால் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த டிரஸ்ட் பத்திரம். இவற்றில் எதுவுமே பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எதற்கும் கல்வி அங்கீகாரத்தோடு சம்பந்தமும் இல்லை. உண்மையான பல்கலைக்கழகத்தின் நோட்டீஸில் எந்தச் சட்டத்தின் கீழ் உருவானது என்ற ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாமல் அசோகச் சக்கரமும் ஆறேழு லோகோவும் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

யுஜிசி தளத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று மத்திய, மாநில, நிகர்நிலை, தனியார் என்று பிரித்த அங்கீகாரப் பட்டியல். இன்னொன்று போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல், மாநிலவாரியாக இருக்கும். போலிப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் உண்மையானது என்று ஆகாது. புதிதாக முளைத்தது இன்னும் ஏறியிருக்காது. அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். "யுனிவர்சிட்டி"க்கு முன்னால் ஒரு "ஓப்பன்", ஒரு "நேஷனல்", ஒரு "இன்டர்நேஷனல்" கூடுதலாகச் சேர்ந்தால் அது வேறு நிறுவனம். முகவரியில் ஊரும் மாவட்டமும் ஒத்துப்போக வேண்டும்.

பட்டியலில் "12பி" இல்லையே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது மத்திய அரசின் நிதியுதவி பெறும் தகுதி பற்றியது. அது இல்லாததால் டிகிரி செல்லாமல் போகாது. இதற்கு நேர்மாறான குழப்பம், கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கொடுக்கும் கிரேடு. ஏ பிளஸ் என்பது தரச்சான்று, அனுமதி கிடையாது. ஏ பிளஸ் பல்கலைக்கழகமும் அனுமதி இல்லாத ஆன்லைன் படிப்பை நடத்தினால் அந்தப் படிப்பு செல்லாது. ஆனால் நாக் மதிப்பெண்ணுக்கு வேறொரு பயன் உண்டு. 2020 செப்டம்பரில் வந்த தொலைநிலை, ஆன்லைன் விதிமுறைகளின்படி, ஆன்லைன் படிப்பு நடத்தத் தகுதி பெற நாக்கில் 4க்கு 3.01 அல்லது அதற்கு மேல் வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் முதல் 100க்குள் வர வேண்டும். மூன்று கிரேடு, அதாவது ஏ, ஏ பிளஸ், ஏ டபுள் பிளஸ், இந்த 3.01க்கு மேல் வருபவை. பி டபுள் பிளஸ் 3.00 வரைதான். ஆகவே தரவரிசையிலும் இல்லாத ஒரு பி கிரேடு தனியார் பல்கலைக்கழகம் ஆன்லைன் பிபிஏ விற்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

அடுத்தது படிப்பும் பருவமும். யுஜிசிக்குள் தொலைநிலைக் கல்விக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, டிஇபி என்பார்கள். அதன் தளம் "டிஇபி டாட் யுஜிசி டாட் ஏசி டாட் இன்". கூகுளில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். யுஜிசி பெயரைப் போட்டு அட்மிஷன் பிடிக்கும் தளங்கள் நிறைய. உள்ளே கல்வியாண்டையும் பருவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு பருவம்: ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி. பிறகு தொலைநிலையா ஆன்லைனா என்று பிரியும். அதற்குள் பல்கலைக்கழகத்தின் பெயர், அதன் கீழே அனுமதி பெற்ற படிப்புகள் ஒவ்வொன்றாக இருக்கும். "பேச்சிலர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்" என்ற வரி, ஆன்லைன் என்ற தலைப்பின் கீழ், நீங்கள் சேரும் பருவத்தில் இருக்க வேண்டும். எம்பிஏ இருந்து பிபிஏ இல்லையென்றால் இல்லைதான். போன வருடம் இருந்து இந்த வருடம் இல்லையென்றாலும் இல்லைதான். எம்பிஏ, எம்சிஏ போன்ற படிப்புகளை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தினால் தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇ கவுன்சிலின் அனுமதியும் இருக்கிறதா என்று கூடுதலாகப் பாருங்கள்.

இப்போது வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கடிதத்தை எடுத்து மேலிருந்து கீழே படியுங்கள். எஃப் நம்பரும் (கோப்பு எண்) தேதியும் எந்த வருடத்தவை? பொருள் வரியில் தொலைநிலை அல்லது ஆன்லைன் பற்றிப் பேச்சு இருக்கிறதா, இல்லை "இப்பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்டது, 2எஃப் பிரிவின் கீழ் பட்டியலில் சேர்க்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறதா? பெரும்பாலான சென்டர்கள் சுற்றில் விடுவது இந்த 2எஃப் கடிதத்தைத்தான். அது உண்மையான கடிதம், ஆனால் ஆன்லைன் பிபிஏவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. வந்தது டிஇபி கடிதமாகவே இருந்தால் எத்தனை பக்கம் என்று பாருங்கள். படிப்புகளின் அட்டவணை பெரும்பாலும் பின்பக்கங்களில் வரும். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் அட்டவணையைக் கேளுங்கள். கல்வியாண்டு எழுதிய இடத்தில் மட்டும் எழுத்து வேறு அளவில் இருந்தால் பிடிஎஃப்பில் கை வைத்திருக்கிறார்கள். எப்படி இருந்தாலும் கடிதத்தைத் தளத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சில படிப்புகளுக்குத் தேடிப் பார்க்கவே வேண்டாம். பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பாராமெடிக்கல், ஆர்க்கிடெக்சர், சட்டம், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங், விமானப் பராமரிப்பு ஆகியவற்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு-ஊட்டச்சத்து, பயோடெக்னாலஜி போன்றவையும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டன. பிஎச்டி எப்போதுமே கிடையாது. 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி அதற்குக் குறைந்தது மூன்று வருடம் வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் நடத்தும் ஆன்லைன் பிஎச்டி செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன.

இந்தத் தடையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று உண்டு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது, தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்து, ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் மட்டும் மீட்டுக்கொள்ளலாம் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டங்கள் ரத்து. நான்குமே உண்மையான நிறுவனங்கள். படித்தவர்கள் பீஸ் கட்டி, பரீட்சை எழுதி, அந்தப் பட்டத்தை வைத்துப் பல வருடம் வேலையும் பார்த்தவர்கள். படிப்புக்கு அனுமதி இல்லாமல் போனதால் அத்தனையும் போயிற்று.

ஆஸ்பத்திரி ஊர் என்பதால் வேலூரில் பாராமெடிக்கல் பக்கம் ஏமாற்று அதிகம் நடக்க வாய்ப்பு உண்டு. லேப் டெக்னீஷியன், ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன், "நர்சிங் டிப்ளமா" என்று மாடிப்படிக்குப் பக்கத்தில் போர்டு மாட்டியிருப்பார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சான்றிதழை வைத்து எந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும்? நர்சிங் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில், மருந்தாளர் என்றால் தமிழ்நாடு பார்மசி கவுன்சில். பதிவு கிடைக்காத சான்றிதழை வைத்து நர்சாகவோ மருந்தாளராகவோ வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. வளைகுடாவுக்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு இருக்கிறது; அவர்கள் நீங்கள் கொடுக்கும் காகிதத்தோடு நிற்க மாட்டார்கள், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தையே நேராகக் கேட்பார்கள். அங்கே "இல்லை" என்று பதில் வந்தால் அந்த அறிக்கை உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த விண்ணப்பத்தையும் கெடுக்கும்.

பி.எட். விஷயமும் நம் பக்கத்துக்கே உரியது. கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரா. "அங்கே அட்மிஷன் போட்டுவிடலாம், காலேஜுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று புரோக்கர்கள் சொல்வார்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் (என்சிடிஇ) 2014 விதிமுறைகளில் இரண்டு வருட பி.எட்.டுக்கு வகுப்பில் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம் வருகை கட்டாயம். நீங்கள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அதே தேதிகளில் அங்கே வகுப்பில் இருந்ததாகப் பதிவு இருக்கும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் அனுபவச் சான்றையும் பி.எட். சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், யாரும் துப்பறிய வேண்டியதே இல்லை.

சென்டர் பற்றி. தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் வைக்கக் கூடாது. ஆன்லைன் படிப்பை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் படிக்கலாம், ஆனால் அதற்கு சென்டரே தேவையில்லை: அட்மிஷன் அவர்கள் போர்ட்டலில், வகுப்பு அவர்கள் தளத்தில், தேர்வு கண்காணிப்போடு. ஃபிரான்சைஸ் முறையில் படிப்பு நடத்துவதற்கே விதியில் இடம் இல்லை. ஆகவே வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் "ஆத்தரைஸ்டு ஸ்டடி சென்டர்" என்று வேலூரில் ஒரு போர்டு தொங்கினால், அந்த போர்டே விதிமீறலின் சாட்சி. மாநிலத்துக்குள்ளேயே இயங்கும் பல்கலைக்கழகம் என்றால் அதன் தளத்தில் மையங்களின் பட்டியலும் எண்ணும் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். எண்ணை யுஜிசி பட்டியலிலிருந்தோ பல்கலைக்கழகத் தளத்திலிருந்தோ எடுங்கள். சென்டர்காரர் கொடுத்த எண்ணில் பேசினால் அவருடைய ஆள்தான் எடுப்பார்.

பணம் போகும் இடத்தைப் பாருங்கள். ஜிபேயில் ஸ்கேன் செய்தவுடன் யாருடைய பெயர் வருகிறது? தனிநபர் பெயரோ ஏதோ ஒரு "எஜுகேஷனல் சர்வீசஸ்" பெயரோ வந்தால் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் பணம் கட்டவில்லை. ரசீதில் பதிவு எண் இல்லாமல் "கன்சல்டேஷன் சார்ஜ்" என்று எழுதியிருந்தால், நாளைக்குக் கேட்கும்போது "ஆலோசனைக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்ல இப்போதே ஏற்பாடு நடக்கிறது. "பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதி வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2024-25 கல்வியாண்டிலிருந்து ஒரு நல்ல பாதுகாப்பு வந்திருக்கிறது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேரும் ஒவ்வொருவருக்கும் டிஇபி ஐடி கட்டாயம். முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி, அதாவது கிரெடிட் வங்கிக் கணக்கு, உருவாக்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு டிஇபி தளத்தில் டிஇபி ஐடி. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒன்றாக இல்லையென்றால் பின்னால் இடிக்கும். இன்ஷியல் முன்னால் பின்னால் இருப்பதைக்கூட முன்பே திருத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் தம்பி தன் மொபைல் எண்ணில் தானே செய்யட்டும், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. டிஇபி ஐடி வேண்டாம் என்று சொல்லும் சென்டர் சட்டப்படி அட்மிஷன் போடவில்லை. ஐடி கையில் இருப்பதாலேயே அட்மிஷன் ஆகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் கிரெடிட் ஏபிசி கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் இரண்டாம் செமஸ்டர் பீஸ் கட்டும் முன்னால் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போடுங்கள்.

துபாய் என்று சொன்னீர்கள். அங்கே டிகிரியைக் காட்ட மாநிலக் கல்வித் துறையின் சரிபார்ப்பு முத்திரை (எச்ஆர்டி அட்டெஸ்டேஷன்), பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வேண்டும். முதல் படி சான்றிதழ் வழங்கிய மாநிலத்தில் நடக்கும், சென்னையில் அல்ல. வடமாநிலப் பட்டத்துக்கு அந்த மாநிலத் தலைநகரில் பல்கலைக்கழகத்தைக் கேட்டு உறுதி செய்த பிறகே முத்திரை விழும். சவூதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டில் முறைக்கு, அதாவது வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையையே ஏற்கும் முறைக்கு, வந்துவிட்டதால் அங்கே தூதரகப் படி குறைந்திருக்கிறது, முதல் படி அப்படியேதான்.

அரசு வேலை எண்ணம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தமிழக அரசின் 18.8.2009 தேதியிட்ட அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்ததைத்தான் ஏற்கிறது. பிளஸ் டூ தேறாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய டிகிரி, பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தாலும், இங்கே உதவாது. தம்பி பிளஸ் டூ முடித்திருப்பதால் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் டிகிரிக்காகப் புரோக்கரிடம் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மெட்ரிக் (பத்தாம் வகுப்பு) முடித்து 15 வருடம் சேவை செய்த முன்னாள் ராணுவத்தினரை, தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத மத்திய அரசு குரூப் சி பணிகளில் அவர்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கு, டிகிரி கேட்கும் இடத்திலும் பரிசீலிக்க விதி இருக்கிறது.

வெளிநாட்டு டிகிரி என்றால் சுருக்கமாக: அமெரிக்கா என்றால் அந்நாட்டுக் கல்வித் துறையின் டேபிப் தரவுத்தளத்திலோ சியா அமைப்பின் பட்டியலிலோ நிறுவனமும் அதற்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பும் இருக்க வேண்டும். அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பையே போலியாக உருவாக்குவது இந்தத் தொழிலில் பழைய வேலை. 2015 மே மாதம் வெளியே வந்த கராச்சி ஆக்சாக்ட் விவகாரத்தில், நூற்றுக்கணக்கான போலிப் பல்கலைக்கழகத் தளங்களோடு அவற்றுக்குச் சான்று கொடுக்கும் போலி அமைப்புகளின் தளங்களையும் ஒரே கம்பெனி நடத்தியது. இங்கிலாந்து என்றால் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் பதிவேட்டையும் ஹெட் என்ற பட்டச் சரிபார்ப்புச் சேவையையும் பாருங்கள்.

பட்டமளிப்பு விழாப் படங்களையும் நம்ப வேண்டாம். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குப் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகம் போலீசில் புகார் செய்ய வேண்டியதாயிற்று. மேடையும் கறுப்பு அங்கியும் வாடகைக்குக் கிடைப்பவை.

இத்தனை நடந்தும் இவர்கள் ஏன் பயப்படுவதில்லை என்று கேட்பீர்கள். "யுனிவர்சிட்டி" என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்தினாலோ உரிமையில்லாமல் டிகிரி கொடுத்தாலோ யுஜிசி சட்டத்தின் 24ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். ஒரு மாணவரிடம் வாங்கும் அட்வான்ஸ் அதைவிட அதிகம். இந்தத் தொகையை உயர்த்தாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம். அதனால் புகார் கொடுக்கும்போது யுஜிசி சட்டத்தோடு நிற்காமல் மோசடி என்று கொடுக்க வேண்டும்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), ஏழு வருடம் வரை சிறை. போலிச் சான்றிதழை உண்மையானதாகக் காட்டிப் பயன்படுத்துவதும் 340ஆம் பிரிவில் குற்றம், அது சான்றிதழ் வாங்கியவர் மேல் பாயும். ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கி ரெஸ்யூமில் போட்டிருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தம்பிக்கு உடனடி வழி இது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு மூன்றையும் டிஇபி தளத்தில் தட்டி, வரும் பருவத்தில் பிபிஏ எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷிப்டு வேலையில் இருப்பவருக்குத் தேர்வு மையம் வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ கிடைக்குமா என்பதையும் சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது, ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

கொடுத்த 5,000க்கும் மார்க் ஷீட்டுக்கும்: முதலில் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், "அட்மிஷன் வேண்டாம், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் அட்வான்ஸையும் இந்தத் தேதிக்குள் திருப்பித் தாருங்கள்" என்று. போனில் மட்டும் பேசினால் கையில் ஆதாரம் நிற்காது. ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், நோட்டீஸ், அந்தக் கடிதத்தின் பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் சேருங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே போன் செய்து, சைபர் கிரைம் தளத்திலும் பதியுங்கள். நாள் கடந்தால் பணத்தை முடக்குவது கடினம். மார்க் ஷீட்டைத் தரமாட்டேன் என்றால் வேலூர் எஸ்பி அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகலைச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கலாம். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு மெயில்: "இந்தப் பெயரில் வேலூரில் உங்கள் சென்டர் உண்டா? என் தம்பி பெயரில் அட்மிஷன் பதிவு உண்டா?" பதில் வராவிட்டால் யுஜிசிக்கு ஆர்டிஐ ஆன்லைனில் போடலாம், 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கேள்வியில் பல்கலைக்கழகம், படிப்பு, முறை, பருவம் நான்கையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பொதுவாக "இது அங்கீகாரம் பெற்றதா" என்று கேட்டால் பட்டியலைத் தளத்தில் பார்க்கவும் என்ற ஒரு வரிதான் திரும்பி வரும். மார்க் ஷீட் எப்படியும் கிடைக்காது என்று ஆகிவிட்டால், போலீஸ் கொடுக்கும் சான்றை வைத்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.